ஸ்காபரோ பின்வளவில் மரக்கறித் தோட்டம்: மார்ச் முதல் ஜூன் முதல் வாரம் வரை

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் வரும். திடீரென்று 20 பாகை வெயில். ஸ்னோ கரைந்து புல் தெரியும், எல்லோரும் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு வெளியே நிற்பார்கள். ரொறன்ரோவில் புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் சறுக்குவது அன்றைக்குத்தான். நானும் சறுக்கினேன். முதல் வருடம், ஜன்னலோரம் பொத்திப் பொத்தி வளர்த்த ஆறு கத்தரிக் கன்றுகளை அன்று பின்னேரமே கொண்டுபோய் நட்டேன். நாலாம் நாள் காலை கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தால் ஆறும் வெந்த கீரை மாதிரிக் கறுத்துப் படுத்திருந்தன.

ஊரில் மழையைப் பார்த்து விதைத்தோம். இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: இரவுக் குளிரும் மண்ணின் சூடும். பகல் வெயிலை நம்பக் கூடாது. கீழே உள்ள வேலைகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். ஒன்றை முந்திச் செய்தால் அடுத்தது இடிக்கும்.

1. நடும் நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்

இங்குள்ளவர்களின் கணக்கு விக்டோரியா டே, அதாவது மே 25க்கு முன்னால் வரும் திங்கட்கிழமை. அந்த லோங் வீக்கெண்ட் வரைக்கும் கத்தரி, மிளகாய், தக்காளி எதுவும் நிலத்துக்குப் போகக் கூடாது. பெரும்பாலான வருடங்களில் மே முதற்பாதியோடு உறைபனி முடிந்துவிடும். ஆனால் மேகமும் காற்றும் இல்லாத ஒரே ஓர் இரவு போதும், தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய் விடியற்காலையில் இலை உறைந்துவிடும்.

மறுபக்கம், அக்டோபரில் உறைபனி திரும்பி வரும். ஆக, கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 130 நாட்கள். கத்தரியை மே கடைசியில் நேரே விதைத்தால் முளைத்து நாற்றாகவே இரண்டு மாதம் ஓடிவிடும், காய்க்கும் நேரத்தில் குளிர் வந்து நிற்கும். அந்த இரண்டு மாதத்தை வீட்டுக்குள் கடக்க வைப்பதுதான் வசந்தகால வேலை முழுவதும்.

நாட்காட்டியில் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்: மிளகாய் மார்ச் முதல் வாரம், கத்தரி மார்ச் நடு, தக்காளி ஏப்ரல் முதல் வாரம், பாகலும் புடோலும் ஏப்ரல் கடைசி. எல்லாவற்றையும் மார்ச்சிலேயே போட்டுவிட்டால் என்ன என்று கேட்பார்கள். தக்காளி மே வருவதற்குள் இரண்டடி வளர்ந்து ஒடியும். பாகற்கொடி ஜன்னல் திரையில் ஏறிவிடும். அதைப் பிரித்தெடுப்பதற்குள் பாதிக் கொடி முறியும்.

2. எதை நடுவது, எதை விடுவது

முதல் வருடம் ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். கத்தரி, பச்சை மிளகாய், தக்காளி, ஒரு கீரை, ஒரு கொடி. இது போதும்.

விட வேண்டியதில் முதலாவது அவரை. ஊரிலிருந்து வந்த பழைய அவரை இனங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். இங்கே ஜூனில் 15 மணித்தியாலத்தையும் தாண்டும். கொடி வேலி முழுக்கப் பச்சையாகப் படரும், பார்க்க ஆசையாக இருக்கும், ஒரு பூ வராது. செப்டம்பரில் பூக்கத் தொடங்கி, பிஞ்சு விடும்போது உறைபனி விழும். சிறகவரைக்கும் இதே கதைதான். நாள் நீளத்தைப் பார்க்காத இனம் என்று விதைப் பையில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

முருங்கையைக் காய்க்காக வளர்க்க முடியாது. இலைக்கு வேண்டுமானால் தொட்டியில் வைத்து, குளிருக்கு உள்ளே எடுக்கலாம். கறிவேப்பிலையும் அப்படியே.

3. வெயில் விழும் இடத்தை இப்போதே பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

கத்தரிக் குடும்பத்துக்கும் கொடிகளுக்கும் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் நேர் வெயில் வேண்டும். மார்ச்சில் வளவைப் பார்த்து இடம் தெரிவு செய்பவர்கள் விடும் பிழை மரங்களை மறப்பது. இப்போது மேப்பிள் மரம் மொட்டை. ஜூனில் அது குடை விரிக்கும், உங்கள் பாத்தி நாள் முழுக்க நிழலுக்குள் போய்விடும். வீட்டின் நிழலும் வேலியின் நிழலும் இதற்கு எதிர்மாறு. சூரியன் மேலே ஏற ஏற அவை குறுகும். ஆகவே பாத்தி மரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், வேலிக்குக் கிட்ட என்றாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. ஜூன் நடுப்பகலில்கூட தெற்கே சாய்ந்துதான் நிற்கும். அதனால் பந்தலும் உயர்ந்த கொடிகளும் பாத்தியின் வடக்குப் பக்கம் இருக்க வேண்டும். தெற்கில் பந்தல் போட்டால் பின்னால் நிற்கும் மிளகாய் வெயிலுக்கு ஏங்கிச் சாகும்.

பக்கத்து வளவில் கறுப்பு வால்நட் மரம் நிற்கிறதா என்றும் பாருங்கள். அதன் வேரிலிருந்து வரும் நஞ்சு தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் வாட வைக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். அப்படியான வளவில் தொட்டிதான் வழி.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் விதை வாங்குவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். புல்லை வெட்டக் கூடாது என்றால் ஐந்து கலன் வாளிகள் போதும். பேக்கரிகளில் கேட்டால் வெறும் வாளி கிடைக்கும். அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, ஒரு வாளிக்கு ஒரு கத்தரி.

4. விதை, அதன் வயது

தமிழ்க் கடைகளில் மார்ச் மாதமே விதைப் பைகள் தொங்கத் தொடங்கிவிடும். பையின் பின்னால் வருடத்தைப் பாருங்கள். கத்தரி, தக்காளி விதை நாலு வருடம் தாங்கும். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினால் சந்தேகம், வெண்டி இரண்டு.

வீட்டில் பழைய விதை இருந்தால் எறிய வேண்டாம். பத்து விதையை ஈரமான பேப்பர் ரவலில் சுற்றி, சிப் பையில் போட்டு, பிரிட்ஜுக்கு மேலே வையுங்கள். பத்து நாளில் ஏழு விதையாவது முளைத்தால் விதைக்கலாம். மூன்று நாலு மட்டும் என்றால் புதிதாக வாங்குங்கள். மார்ச்சில் செய்ய வேண்டிய சோதனை இது. ஏப்ரலில் செய்து, முளைக்கவில்லை என்று கண்டுபிடித்தால் கத்தரிக்கு நேரம் போய்விட்டது.

ஊரிலிருந்து சூட்கேசில் விதை கொண்டுவருவது பலர் செய்வது. கனடாவில் விதை, கன்று இறக்குமதிக்குச் சட்டம் உண்டு, பயிர்நலச் சான்றிதழ் கேட்பார்கள். விமான நிலையத்தில் பறிகொடுப்பதைவிட இங்கே வாங்குவது நிம்மதி.

5. வீட்டுக்குள் நாற்று

இந்தப் படியில்தான் பெரும்பாலான தோட்டங்கள் சாகின்றன. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வேண்டியவை: நாற்றுக்கென்று விற்கும் மண் கலவை ஒரு பை, அடியில் ஓட்டை உள்ள சிறு தட்டுகள், அவற்றை வைக்க ஓட்டையில்லாத தட்டம், ஒரு எல்.ஈ.டி. குழாய் லைற், லைற்றை அணைத்துப் போட ஒரு ரைமர். பழைய தயிர்க் கோப்பைகளும் நல்லவை.

வளவு மண்ணை எடுத்து நாற்றுப் போட வேண்டாம். அது சின்னக் கோப்பையில் இறுகிக் கல்லாகும். அதைவிட மோசம், அதிலுள்ள பூஞ்சணம் முளையைத் தாக்கும். நேற்று நிமிர்ந்து நின்ற முளை இன்று மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூல் போல் மெலிந்து விழுந்து கிடக்கும். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது.

கலவையை முதலில் வெந்நீர் விட்டுப் பிசையுங்கள். காய்ந்த கலவை தண்ணீரை உள்ளே விடாது, மேலாலே ஓடிவிடும். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, ஒரு துளி மட்டும் சொட்ட வேண்டும். பிட்டுக்கு மா குழைக்கிற பதத்தைவிடச் சற்றே ஈரம்.

விதையைக் கால் அங்குலத்துக்கு மேல் தாழ்க்க வேண்டாம். கோப்பைக்கு இரண்டு விதை. பிறகு சூடு. கத்தரியும் மிளகாயும் முளைக்க மண் 25 முதல் 30 பாகை வரை இருக்க வேண்டும். மார்ச் மாத வீட்டு ஜன்னலோரம் இரவில் 15க்கு இறங்கும். முளைக்கவில்லை என்று மூன்று வாரம் காத்திருந்து விதை விற்ற கடைக்காரரைத் திட்டுவார்கள். விதையில் பிழை இல்லை, குளிரில் படுத்திருக்கிறது. பிரிட்ஜின் மேற்பக்கமோ, தட்டின் கீழ் விரிக்கும் மின்சாரச் சூட்டுப் பாயோ நல்லது. ஹீற்றர் துவாரத்துக்கு நேர் மேலே வைத்தால் ஒரே இரவில் காய்ந்துவிடும்.

முதல் முளை வளைந்து தலை காட்டியதும் அதே நாள் லைற்றுக்குக் கீழ் கொண்டுபோங்கள். அரை நாள் பிந்தினாலும் வெளிச்சம் தேடி நீளும். லைற் இலைக்கு மேல் மூன்று அங்குலம், ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம். மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டால் உங்கள் கண்ணுக்கு வெளிச்சம், கன்றுக்கு இருட்டு. கன்று வளர வளர லைற்றை உயர்த்திக்கொண்டே போங்கள். தெற்கு ஜன்னல் போதாதா என்றால், மார்ச்சில் போதாது.

தண்ணீரை மேலே ஊற்ற வேண்டாம். அடித்தட்டத்தில் விட்டு அரை மணித்தியாலத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் பூஞ்சணம் வராது. கோப்பையைத் தூக்கிப் பார்த்தே தண்ணீர் வேண்டுமா என்று அறியலாம். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

இரண்டு முளைத்தால் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் ஆடும். முளையோடு வரும் முதல் சோடிக்குப் பிறகு வருவதுதான் நிஜ இலை. அது இரண்டு சோடி வந்ததும் பெரிய கோப்பைக்கு மாற்றி, மீன் பசளையைப் பையில் சொன்னதில் பாதி அளவு கரைத்து வாரம் ஒரு முறை விடலாம். அதற்கு முன் பசளை வேண்டாம். மீன் பசளை வீட்டுக்குள் மணக்கும், அதை வீட்டிலுள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

6. மண்ணும் பாத்தியும்

நாற்று உள்ளே வளரும் நேரத்தில் வெளியே இந்த வேலை. ஆனால் ஸ்னோ கரைந்த உடனே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பெருவிரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். களிமண் உருண்டையாகவே நசுங்கினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். ஸ்காபரோவில் பல வளவுகளில் களிமண். ஈரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாக இறுகி, ஆடி மாதம் முழுக்க அதை உடைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஆழமாகக் கிண்டுவதாக இருந்தால் அதற்கு முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். காசு இல்லை. காஸ், மின்சாரக் குழாய் எங்கே போகிறது என்று வந்து சின்ன அடையாளக் கொடிகளைக் குத்திவிட்டுப் போவார்கள். சட்டமும் அப்படித்தான்.

என் தெரிவு கிண்டாமல் மேலே எழுப்பிய பாத்தி. நாலடிக்கு எட்டடி, பத்து அங்குல உயரம். நாலடிக்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது, உள்ளே மிதிப்பீர்கள், மண் இறுகும். சீடார் பலகை நல்லது. பழைய ரயில் கட்டையும், 2004க்கு முந்திய பச்சை நிறப் பதனிட்ட பலகையும் வேண்டவே வேண்டாம். முதலாவதில் கிரியோசோட் என்ற நஞ்சு, மற்றதில் ஆர்செனிக் என்ற நஞ்சு.

புல்லை வெட்டி எடுக்கத் தேவையில்லை. அதன்மேல் காட்போட் மட்டையை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, ரேப்பைக் கழற்றி, நன்றாக நனைத்து, மண்ணைக் கொட்டுங்கள். இடைவெளி விட்ட இடத்தால் புல் கட்டாயம் எட்டிப் பார்க்கும்.

மண் கணக்கு: மேலே சொன்ன பாத்திக்கு ஏறக்குறைய ஒரு கன யார்ட். 30 லீற்றர் பையில் வாங்கினால் 25 பை. ஐந்து பை வாங்கிக்கொண்டு வந்து பாத்தியின் அடியில் பரப்பிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு பாத்திக்கு மேல் என்றால் லொறியில் கொட்டச் சொல்வது மலிவு. மூன்றில் இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு உக்கிய கம்போஸ்ட். பச்சைச் சாணம் வேரைச் சுடும், உக்கியதையே வாங்குங்கள்.

வெளிக் குழாயையும் இப்போதே திறந்து பாருங்கள். குளிருக்கு முன் உள்ளே வால்வை மூட மறந்திருந்தாலோ ஹோஸைப் பூட்டியபடி விட்டிருந்தாலோ குழாய் வெடித்திருக்கும். ஒருவர் வெளியே திறக்க, இன்னொருவர் பேஸ்மென்டில் நின்று பார்க்க வேண்டும். நான் தனியாகத் திறந்துவிட்டு, கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கீழே கம்பளத்தையும் நனைத்தவன்.

7. ஏப்ரல் நடுவில் நேரே விதைப்பவை

வெறும் பாத்தியைப் பார்த்துக் கை துருதுருக்கும். அதற்கென்றே சில பயிர்கள் உண்டு: முள்ளங்கி, வெந்தயக் கீரை, கொத்தமல்லி, ஸ்பினாச், பீட்ரூட், பச்சைப் பட்டாணி, சின்ன வெங்காயம். இவை லேசான உறைபனியைத் தாங்கும். சூடு வந்தால்தான் கெடும். கொத்தமல்லியை ஜூனில் விதைத்தால் இலை விடாமல் நேரே பூவுக்குப் போய்விடும்.

முள்ளங்கி நாலைந்து வாரத்தில் பிடுங்கலாம். அதாவது கத்தரி நடும் நேரத்துக்கு இடம் காலியாகும். விதைத்த உடனே கோழிக் கம்பி வலையை மேலே விரித்துவிடுங்கள். அணில் புதிதாகக் கொத்திய மண்ணைக் கண்டால் விடாது, பூனையும் அப்படியே.

8. கொடிகளை ஏப்ரல் கடைசியில் முளைக்க வையுங்கள்

பாகல், புடோல் விதைத் தோல் தடிப்பு. நகவெட்டியால் ஓரத்தை மெல்ல நுள்ளி, ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டு, ஈரப் பேப்பரில் சுற்றிச் சூடான இடத்தில் வையுங்கள். வெள்ளை வேர் தலை காட்டியதும், வேர் கீழே பார்க்கும்படி நாலங்குலக் கோப்பையில் ஒன்று ஒன்றாக வையுங்கள். இந்தக் கொடிகளுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. கடதாசிக் கோப்பை என்றால் நடும்போது அடியைக் கிழித்துவிட்டு அப்படியே இறக்கலாம்.

9. வெளிக்குப் பழக்குதல்

பத்து நாள் வேலை. மே 10 அளவில் தொடங்குங்கள். இதைத் தாண்டிப் பாய்ந்தவர்கள்தான் அதிகம், ஏனென்றால் கன்று பார்க்க வலுவாக இருக்கும். லைற்றுக்குக் கீழ் வளர்ந்த இலை வெயிலையும் காற்றையும் கண்டதில்லை. நேரே வெளியே வைத்தால் ஒரே பின்னேரத்தில் இலை வெளிறி, ரிசு பேப்பர் போல வெள்ளையாகிக் காயும். வியாதி என்று நினைத்து மருந்து தேடுவார்கள். அது வெயில் சுட்டது.

முதல் இரண்டு நாள் ஒரு மணித்தியாலம், நிழலில், காற்று அடிக்காத சுவரோரம். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் கூட்டி, காலை வெயிலைக் காட்டுங்கள். ஏழாம் நாளிலிருந்து மத்தியான வெயில். கடைசி இரண்டு நாள், இரவு 12 பாகைக்குக் கீழே போகாது என்றால் வெளியே விட்டுவிடலாம். தட்டங்களை நாளுக்கு இரண்டு முறை தூக்கி அலுத்துவிடும் என்பதால் தள்ளுவண்டி ஒன்றில் வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு நாளைச் சனி, ஞாயிறில் விழ வைத்து, வார நாளில் பின்னேர வெயிலைக் காட்டலாம்.

10. நடவு

லோங் வீக்கெண்ட் வந்துவிட்டது என்பதற்காக நட வேண்டாம். அடுத்த ஒரு வாரத்து இரவு வெப்பத்தைப் பாருங்கள். தொடர்ந்து 12க்கு மேல் இருந்தால் சரி. 7, 8 என்று காட்டினால் தக்காளி தாங்கும், கத்தரி சாகாது ஆனால் குறண்டி நின்றுவிடும். குளிரில் ஒரு வாரம் முந்தி நட்டதை, பிந்தி நட்டது ஜூலையில் எட்டிப் பிடித்துத் தாண்டிப் போகும்.

மேகமான நாளோ பின்னேரமோ நல்லது. தக்காளியைக் கழுத்து வரை புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் கோப்பையில் இருந்த அதே ஆழத்தில் வையுங்கள். கத்தரிக்குக் கத்தரி இரண்டடி, மிளகாய்க்கு ஒன்றரை, தக்காளிக்கு இரண்டரை. நட்ட அன்று அது வெறிச்சோடித் தெரியும். இடையில் இன்னொன்றைச் செருகத் தோன்றும். செருக வேண்டாம், வேண்டுமென்றால் நடுவில் கீரை தூவுங்கள்.

நட்ட கையோடு இரண்டு காவல். ஒன்று, கடதாசிக் கோப்பையின் அடியை வெட்டி வளையமாகத் தண்டைச் சுற்றி ஓரங்குலம் மண்ணில் இறக்குங்கள். இரவில் தண்டை அறுக்கும் புழு அண்டாது. இரண்டு, கத்தரிக்கு மேல் மெல்லிய பூச்சி வலை. கத்தரி இலையில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் கண்டால் அது தெள்ளு வண்டு, தொட்டால் துள்ளி மறையும். பெரிய செடி தாங்கும், புதுக் கன்று தாங்காது. பூ வந்ததும் வலையை எடுத்துவிடுங்கள், தேனீ வர வேண்டும்.

முயல் வரும் வளவென்றால் இரண்டடி உயரக் கம்பி வலை, அடியில் நாலங்குலம் மண்ணுக்குள்.

11. ஜூன் முதல் வாரம்: வெண்டியும் பயிற்றங்காயும்

இவை இரண்டும் கடைசி. மண் 20 பாகை தொடாமல் விதைத்தால் முளைக்காமல் அழுகும். மண்ணுக்கான வெப்பமானி இல்லையென்றால் காலை எட்டு மணிக்கு விரலை இரண்டங்குலம் இறக்கிப் பத்து வரை எண்ணுங்கள். குளிர்கிறது என்றால் இன்னும் நாலு நாள்.

வெண்டி விதையை இரவில் ஊறப் போட்டுக் காலையில் நேரே நிலத்தில், ஓரடிக்கு ஒன்று, முக்கால் அங்குல ஆழத்தில். அதன் ஆணிவேர் மாற்றி நடுவதை விரும்பாது. பயிற்றங்காயை வடக்குப் பந்தலின் அடியில், பாகலுக்குப் பக்கத்தில் இடம் விட்டுப் போடுங்கள், ஊறப் போடத் தேவையில்லை. நாலாம் ஐந்தாம் நாள் மண் மெல்ல வெடித்து உயர்ந்திருக்கும். அந்த வெடிப்பின்மேல் ஹோஸைப் பாய்ச்சாமல், கையால் தெளியுங்கள்.